ஒலிவினில் 6 கிகாபாஸ்கலிலேயே புது பீக். 14-இல் வரவேண்டியது மட்டும் வரவே இல்லை

கரிசல்மண் | செவ்வாய், இரவு 11:12

வணக்கம். கனிம இயற்பியலில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவன். போன மாதம் முதல்முறையாக ஒரு வெளிநாட்டு சின்க்ரோட்ரானில் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய துகள் முடுக்கி) மூன்று ஷிப்ட் பீம்டைம் கிடைத்தது. கைடு வர முடியவில்லை, நானும் ஒரு சீனியரும் மட்டும் போனோம். சாம்பிள் சான் கார்லோஸ் ஒலிவின் (பூமியின் ஓட்டுக்கும் கருவுக்கும் நடுவில் உள்ள மேன்டிலின் மேல்பகுதியில் நிறைய இருக்கும் சிலிகேட் கனிமம்), நன்றாக அரைத்த தூள். டயமண்ட் ஆன்வில் செல் (இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் சாம்பிளை நசுக்கும் சாதனம்), வைரத்தின் முனை 400 மைக்ரான் அகலம், ரீனியம் கேஸ்கெட் (சாம்பிளைச் சுற்றி அடைக்கும் உலோகத் தகடு), நடுவில் 150 மைக்ரான் துளை, அழுத்தம் பார்க்க இரண்டு ரூபித் துணுக்கு. எக்ஸ்ரே அலைநீளம் 0.4133 ஆங்ஸ்ட்ராம். அறை வெப்பநிலையிலேயே 23 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் சுமார் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்) வரை ஏற்றினோம், சூடாக்கவில்லை.

இப்போது பிரச்சினை. 5.8-இல் எடுத்த பேட்டர்னில் (எந்தக் கோணத்தில் எவ்வளவு எக்ஸ்ரே சிதறுகிறது என்ற வரைபடம்) 11.15 டிகிரியிலும் 12.88 டிகிரியிலும் புதிதாக இரண்டு பீக். அதற்கு முந்தைய பேட்டர்ன் 3-இல் எடுத்தது, அதில் சுத்தமாக இல்லை. 11.15-க்குப் பக்கத்தில் ஒலிவினின் சோப்ளாங்கி பீக் ஒன்று எப்போதும் இருக்கும், ஆனால் இது அதைவிடப் பல மடங்கு உயரம். சரி, ஏதோ புது படிக அமைப்பு என்று சந்தோஷப்பட்டு ஸ்லைடு கூட செய்துவிட்டேன்.

ஆனால் 410 கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 14 கிகாபாஸ்கலில், ஒலிவின் வாட்ஸ்லேயைட்டாக (அதே வேதியியல், இன்னும் நெருக்கமான படிக அமைப்பு) மாறும் என்றுதான் எல்லாப் பாடத்திலும் படித்தேன். 14 தாண்டியும், ஏன் 23-இலும், ஒலிவின் பீக்குகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. மாறக்கூடாத இடத்தில் மாறுகிறது, மாறவேண்டிய இடத்தில் மாறவில்லை. வெள்ளிக்கிழமை குழு மீட்டிங். கைடு கருத்தரங்கில் இருக்கிறார், மெயிலுக்குப் பதில் இல்லை. யாராவது உதவுங்கள்.

ஊர்க்குருவி | செவ்வாய், இரவு 11:30

எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புதுக் கனிமம் என்றால் வாழ்த்துகள். உங்கள் ஊர் பெயரையே வைத்துவிடுங்கள்.

ரீனியம்75 | செவ்வாய், இரவு 11:47

வைக்கிற அவசரம் வேண்டாம். என் முதல் சந்தேகம் என் பெயர்காரன் மேல்தான். ரீனியத்தின் மிக வலுவான பீக், 101 (எந்த அணுத் தளத்திலிருந்து வருகிறது என்ற குறியீடு), சாதாரண அழுத்தத்தில் உங்கள் அலைநீளத்துக்கு 11.26 டிகிரியில் விழும். பீம் துளையின் நடுவில் போகாமல் ஓரத்தை லேசாக உரசினால் போதும், கேஸ்கெட் உங்கள் பேட்டர்னில் வந்து நின்றுவிடும். அழுத்தம் ஏற ஏற துளை சுருங்கும், ஒரு பக்கமாக நகரவும் செய்யும். அதனால் 3-இல் இல்லாத பீக் 6-இல் வருவது ரொம்ப சாதாரணம். நானே இதில் ஒருமுறை ஏமாந்து, ராத்திரி இரண்டு மணிக்கு சீனியரை எழுப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சோதிக்க இரண்டு வழி. ஒன்று, ரீனியமாக இருந்தால் 101 தனியாக வராது, 9.9-க்குப் பக்கத்திலும் 10.65-க்குப் பக்கத்திலும் கூடவே இரண்டு வரவேண்டும். இரண்டு, அழுத்தத்தோடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ரீனியம் கல்நெஞ்சக்காரன், லேசில் அசையமாட்டான். எண்களைப் போடுங்கள்.

கரிசல்மண் | புதன், காலை 6:20

நன்றி அண்ணா. 9.9, 10.65 இரண்டு இடத்திலும் எதுவும் இல்லை. நகர்வு இப்படி இருக்கிறது: 5.8 கிகாபாஸ்கலில் 11.15, 12.88. பிறகு 9.2-இல் 11.50, 13.29. 16-இல் 11.95, 13.81. கடைசியாக 22.9-இல் 12.27, 14.18.

ரீனியம்75 | புதன், காலை 7:05

அப்படியானால் ரீனியம் நிரபராதி. ஒரு டிகிரிக்கு மேல் நகர்ந்திருக்கிறது. ரீனியமாக இருந்தால் இந்த இடைவெளியில் 0.15 டிகிரி நகர்ந்தாலே அதிகம். ஒலிவினோ அதிலிருந்து வரும் வேறு எந்த சிலிகேட்டோ கூட இவ்வளவு வேகமாக ஓடாது. உள்ளே ரொம்ப மென்மையான ஏதோ ஒன்று இருக்கிறது.

அழுத்த ஊடகம், அதாவது சாம்பிளைச் சுற்றி நிரப்பி அழுத்தத்தைச் சமமாகக் கடத்தும் பொருள், என்ன போட்டீர்கள்? முதல் பதிவில் அதைச் சொல்லவே இல்லையே.

கரிசல்மண் | புதன், காலை 7:11

நியான். அங்கேயே வாயு நிரப்பும் கருவி இருந்தது, பீம்லைன் ஆட்களே நிரப்பிக் கொடுத்தார்கள். வாயுதானே, அதற்கு பீக் வராது என்று அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நெய்தல் | புதன், காலை 8:40

தம்பி, அந்த "வாயுதானே"வில்தான் விஷயம் இருக்கிறது.

அறை வெப்பநிலையில் நியான் 4.8 கிகாபாஸ்கலில் உறைந்து திடமாகிவிடும். உறைந்தால் முகமையக் கனசதுரப் படிகம் (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள்). 3-இல் இல்லை, 5.8-இல் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதுமே எனக்குப் பொறி தட்டியது, ஆனால் ஊடகம் எது என்று தெரியாமல் சொல்ல விரும்பவில்லை.

நிரூபிக்க அட்டவணை எதுவும் தேவையில்லை. முகமையக் கனசதுரத்தில் முதல் இரண்டு பீக்குகள் 111, 200. அவற்றின் தள இடைவெளிகளின் விகிதம், படிகம் எவ்வளவு நசுங்கினாலும், 2-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதுதான், அதாவது 1.1547. உங்கள் கோணங்களைப் பாதியாக்கி சைன் எடுத்து வகுத்துப் பாருங்கள். 5.8-இல் 6.44-இன் சைனை 5.575-இன் சைனால் வகுத்தால் 1.1545. மற்ற மூன்று அழுத்தத்திலும் அதே 1.15 சொச்சம்தான் வரும். நான்கு இடத்திலும் இந்த விகிதம் பிடித்தால் அது கனசதுரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒலிவின் குடும்பத்தில் எதுவும் இப்படி இரண்டே பீக்கோடு வந்து நிற்காது.

அடுத்தது அளவு. 5.8-இல் கூட்டின் பக்கம் 3.68 ஆங்ஸ்ட்ராம், 22.9-இல் 3.35. கன அளவாகப் பார்த்தால் கிட்டத்தட்ட கால் பங்கு சுருங்கியிருக்கிறது. அதே இடைவெளியில் ஒலிவின் 9 சதவீதம்தான் சுருங்கும், ரீனியம் 4 சதவீதம்தான். திட நியான் அவ்வளவு மெத்து. பீக் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது பல சமயம் சீக்கிரம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் மாணவியாக இருந்தபோது எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, இரண்டு வருடம் கழித்து நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று, வட்டங்களைக் கோடாக மாற்றுவதற்கு முன்னால் உள்ள அசல் டிடெக்டர் படத்தைத் திறந்து பாருங்கள். ஒலிவின் தூள் சீரான வளையமாக இருக்கும். நியான் தானே உறைந்து பெரிய பெரிய மணிகளாக வளர்ந்திருக்கும், அதனால் வளையம் முழுதாக இல்லாமல் அங்கங்கே புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளை வைரத்தின் புள்ளி என்று நினைத்து மாஸ்க் செய்து கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். வைரப் புள்ளிகள் அடர்த்தியாக எரிந்துபோன மாதிரி இருக்கும், அழுத்தம் ஏறினாலும் இடம் மாறவே மாறாது.

கரிசல்மண் | புதன், காலை 9:02

அக்கா, விகிதம் நான்கிலும் பிடிக்கிறது. படத்திலும் புள்ளிகள்தான். நல்லவேளை ஸ்லைடை யாருக்கும் அனுப்பவில்லை.

ஊர்க்குருவி | புதன், காலை 9:15

மன்னிக்கவும், நான் மெக்கானிக்கல் படித்தவன், வேடிக்கை பார்க்க வந்தேன். விளம்பரப் பலகையில் எரியும் அதே நியானா? அறை வெப்பத்தில் கல்லாகிறதா? இவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கிறீர்கள்?

பழைய_வாத்தியார் | புதன், காலை 10:30

பிரஸ் இல்லை தம்பி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாதனம், சின்ன அல்லன் கீ போட்டு நான்கு திருகாணியைத் திருகுவார்கள். சூட்சுமம் விசையில் இல்லை, பரப்பில் இருக்கிறது. கரிசல்மண் வைத்திருக்கும் வைரத்தின் முனை 400 மைக்ரான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழு எடையையும் அந்த முனைமேல் இறக்கி நின்றால், விசையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள், சுமார் 4.7 கிகாபாஸ்கல் வரும். அதாவது நீங்கள் ஒற்றைக் காலில் அந்த வைரத்தின்மேல் ஏறி நின்றாலே நியான் உறையும் நிலைக்கு வந்துவிடும்.

ஏன் வைரம் என்றால், கடினம் ஒரு காரணம்தான். கார்பன் லேசான அணு, அதனால் ஆற்றல் அதிகமுள்ள எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அது ஜன்னல். அதனால் உள்ளே நடப்பதை நசுங்கிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். 1958-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைப் பணியகத்தில் வெயர், லிப்பின்காட், வான் வால்கன்பர்க், பன்டிங் என்ற நால்வர் முதல் செல்லைச் செய்தபோது, ஆய்வுக்கு வைரம் வாங்கப் பணம் ஏது? கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்த வைரங்கள்தான் கிடைத்தன. கள்ளக் கடத்தல் வைரத்தில் பிறந்த துறை இது. கேஸ்கெட் என்பது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வான் வால்கன்பர்க் சேர்த்தது. அது வந்த பிறகுதான் துளைக்குள் திரவமும் வாயுவும் வைக்க முடிந்தது, சாம்பிளை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்த முடிந்தது.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்திலிருந்து போய் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த அய்யாசாமி ஜெயராமன் 1983-இல் டயமண்ட் செல்லைப் பற்றி எழுதிய நீண்ட மதிப்பாய்வைப் படிக்காமல் என் தலைமுறையில் யாரும் இந்த வேலைக்குள் வரவில்லை. இன்றும் கல்பாக்கத்தில் உயர் அழுத்த எக்ஸ்ரே வேலை நடக்கிறது. இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. வெளிநாடு போனால்தான் பீம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

கரிசல்மண், உங்கள் இரண்டாவது கேள்வி பாக்கி. மதியம் எழுதுகிறேன்.

பழைய_வாத்தியார் | புதன், மதியம் 2:45

14 தாண்டியும் ஏன் மாறவில்லை?

நீங்கள் படித்த 14 என்பது சமநிலைக் கோடு. அங்கே எது நிலையானது என்று அது சொல்லும். அங்கே போனதும் மாறிவிடும் என்று சொல்லாது. இதற்கு உதாரணம் தேடி எங்கும் போகவேண்டாம், உங்கள் செல்லிலேயே இரண்டு உட்கார்ந்திருக்கின்றன: வைரங்கள். பூமியின் மேற்பரப்பில் கார்பனுக்கு நிலையான வடிவம் கிராஃபைட். ஆனாலும் பாட்டியின் மூக்குத்தி கரியாகிவிடுவதில்லை.

ஒலிவினில் ஆக்சிஜன் அணுக்கள் அறுகோண நெருக்கத்தில் அடுக்கியிருக்கின்றன, ஏறக்குறையத்தான், கச்சிதமாக அல்ல. வாட்ஸ்லேயைட்டிலும், இன்னும் ஆழத்தில் வரும் அடுத்த வடிவமான ரிங்வுடைட்டிலும் அவை கனசதுர நெருக்கம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக பிணைப்புகளை உடைத்து அணுக்கள் இடம் மாறவேண்டும். அறை வெப்பநிலையில் அதற்குத் தெம்பு இல்லை. பூமிக்குள் 410 கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 1,700 கெல்வின் இருக்கிறது, அங்கே மாறுவதற்கு ஆயுசும் இருக்கிறது. உங்கள் செல்லில் 300 கெல்வினும் ஒரு ஷிப்டும்தான். குளிர்ந்த நிலையில் ஒற்றைப் படிக ஃபார்ஸ்டரைட்டை (இரும்பில்லாத மெக்னீசியம் ஒலிவின்) 50 கிகாபாஸ்கல் வரை கொண்டுபோனாலும் அது தன் அமைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு மாறும்போதும் வாட்ஸ்லேயைட்டாக மாறாமல் வேறு எதுவாகவோ போய் நிற்கும்.

இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கடலடித் தட்டுகள் குளிர்ந்த நிலையிலேயே மேன்டிலுக்குள் இறங்கும்போது, அவற்றின் நடுப்பகுதியில் ஒலிவின் மாறாமல் 410-ஐத் தாண்டிப் போகிறதா, பிறகு திடீரென்று மாறும்போது ஆழ்நிலநடுக்கம் வருகிறதா என்று பல பத்தாண்டுகளாக ஒரு விவாதம் ஓடுகிறது. மாறவில்லை என்பதே அங்கே ஒரு தரவு.

மாறித்தான் ஆகவேண்டும் என்றால் லேசர். அகச்சிவப்பு லேசரை இரண்டு பக்கமும் வைரம் வழியாகவே உள்ளே விட்டு 1,500 முதல் 2,000 கெல்வின் வரை சூடாக்கினால் சில நிமிடத்தில் புது பீக்குகள் முளைப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். சான் கார்லோஸ் ஒலிவினில் இரும்பு இருப்பதால் லேசரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

ஊர்க்குருவி | புதன், மாலை 4:10

நான் நேற்று விளையாட்டாகச் சொன்னேன், ஆனால் ஆய்வகத்தில் இப்படி ஒன்று உண்மையிலேயே வந்தால் பெயர் வைக்கலாமா?

நெய்தல் | புதன், மாலை 5:25

முடியாது. இயற்கையில் கிடைத்த சாம்பிள் ஒன்றை ஆராய்ந்து காட்டினால்தான் கனிமப் பெயர் கிடைக்கும். இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. கீழ் மேன்டிலில் பெரும்பகுதி மெக்னீசியம் சிலிகேட்டின் பெரோவ்ஸ்கைட் என்ற அடர்த்தியான படிக வடிவம், பூமியின் மொத்தக் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1970-களிலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். ஆனால் 2014 வரை அதற்குப் பெயரே இல்லை, ஏனென்றால் மேலே கொண்டுவந்தால் சிதைந்துவிடும். பூமியிலேயே மிக அதிகமாக இருக்கும் கனிமம் நாற்பது ஆண்டு பெயரில்லாமல் கிடந்தது. கடைசியில் 1879-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹம் விண்கல்லின் அதிர்ச்சி நரம்புகளுக்குள் (மோதலின் அதிர்ச்சியில் உருகிய மெல்லிய கோடுகள்) மைக்ரான் அளவு மணிகளாகக் கிடைத்தது. அதை உறுதி செய்ததும் சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்தான். உயர் அழுத்த ஆய்வுக்கு 1946-இல் நோபல் வாங்கிய பெர்சி பிரிட்ஜ்மன் பெயரில் அது இப்போது பிரிட்ஜ்மனைட்.

அதற்கும் கீழே, மேன்டில் முடிந்து உலோகக் கரு தொடங்குவதற்குச் சற்று மேலே இருக்கும் போஸ்ட்-பெரோவ்ஸ்கைட்டுக்கு இன்னும் கனிமப் பெயர் இல்லை. 2004-இல் ஜப்பானில் முராகாமி, ஹிரோசே குழு ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில் சுமார் 125 கிகாபாஸ்கல், 2,500 கெல்வினில் புது பீக்குகள் பார்த்தார்கள். தம்பி மாதிரிதான், எந்தப் பழைய அமைப்போடும் பொருந்தாத பீக்குகள். ஆனால் பீக் பார்த்ததும் அறிவித்துவிடவில்லை. கணினியில் அணுக்களை அமுக்கிப் பார்த்து ஓர் அமைப்பைக் கண்டுபிடித்து, அது தரக்கூடிய பேட்டர்னைக் கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டு, கால்சியம் இரிடேட்டின் அமைப்பு இது என்று முடிவுக்கு வந்தார்கள். நிலநடுக்க அலைகளில் கருவுக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலே இருந்த புதிருக்கு அதுதான் விளக்கமாக அமைந்தது. அடர்த்தி வேறுபாடு ஒரு சதவீதம் சொச்சம்தான், ஆனால் படிகத்தின் அடுக்கே வேறு.

கல்லுளிமங்கன் | புதன், இரவு 9:50

எல்லாரும் 5.8, 14, 23, 125 என்று அழுத்தத்தை ஏதோ தராசில் வைத்து நிறுத்த மாதிரி சொல்கிறீர்கள். கரிசல்மண்ணின் 5.8 எங்கிருந்து வந்தது? ரூபியின் சிவப்பு ஒளி 694 நானோமீட்டரிலிருந்து எவ்வளவு தள்ளியது என்று பார்த்து ஒரு சூத்திரத்தில் போட்டது. அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களை ரூபியோடு சேர்த்து நசுக்கி, உலோகத்தின் கன அளவை எக்ஸ்ரேயில் அளந்து, அதிர்ச்சி அலைச் சோதனைகளில் கிடைத்த சமன்பாட்டில் வைத்து அழுத்தம் கண்டுபிடித்தார்கள். அதிர்ச்சி அலையில் பொருள் பயங்கரமாகச் சூடாகும், அந்தச் சூட்டைக் கழிக்க ஒரு கணித மாதிரி (மாடல்) வேண்டும். கடைசியில் பூமியின் ஆழத்தையே ஒரு மாதிரியின்மேல் கட்டியிருக்கிறோம்.

நெய்தல் | புதன், இரவு 10:20

அண்ணா, உங்கள் சந்தேகம் நியாயம், ஆனால் இந்த இழைக்கு அது பெரிதில்லை. 20 கிகாபாஸ்கலுக்குக் கீழே ரூபி அளவுகோல்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான். நியான் 5.8-இல் உறைந்திருக்கிறதா என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

கல்லுளிமங்கன் | புதன், இரவு 10:48

நியானுக்குப் போதும். கீழ் மேன்டில் தொடங்கும் 660 கிலோமீட்டர் எல்லைக்குப் போதவில்லையே! 1998-இல் ஈரிஃபுனே குழு ஸ்பிரிங்-8-இல் பல ஆன்வில்கள் கொண்ட பெரிய பிரஸ்ஸுக்குள் ரிங்வுடைட் பிரிட்ஜ்மனைட்டாகவும் பெரிகிளேஸாகவும் (மெக்னீசியம் ஆக்சைடு) பிரிவதை எக்ஸ்ரேயில் நேரடியாகப் பார்த்தார்கள். 1,600 செல்சியஸில் சுமார் 21 கிகாபாஸ்கல் என்று வந்தது. 660 கிலோமீட்டரில் அழுத்தம் 23-க்கு மேல் என்று நிலநடுக்கவியல் சொல்கிறது. இரண்டு கிகாபாஸ்கல் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ஆழம் தப்பு. அப்போது எவ்வளவு பேர் குழம்பினார்கள் தெரியுமா? மேன்டிலின் வேதியியலே வேறோ என்று கூடப் பேசினார்கள். பிறகு பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தங்கத்தின்மேல் போய் விழுந்தது. அழுத்தத்தை அளக்க உள்ளே வைத்த தங்கத்தின் சமன்பாடு உயர் வெப்பநிலையில் குறைத்துச் சொல்கிறது. மெக்னீசியம் ஆக்சைடை அளவுகோலாக வைத்து 2004-இல் அமெரிக்காவின் கார்னெகி ஆய்வு நிறுவனத்தில் ஃபெய் குழு செய்தபோது எல்லை 660-க்கு நெருங்கி வந்தது. பீக் பொய் சொல்லவில்லை, அளவுகோல் சொன்னது.

எந்த அளவுகோல் என்று போடாமல் அழுத்த எண் மட்டும் போட்டிருக்கும் கட்டுரையை நான் இரண்டாம் பக்கம் திருப்பமாட்டேன். மாணவர்கள் இதை இப்போதே பழகட்டும் என்றுதான் இழையில் மூக்கை நுழைத்தேன்.

பழைய_வாத்தியார் | வியாழன், காலை 6:00

மங்கன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதிக்கு ஒரு பதில். எல்லாமே மாதிரியின்மேல் நிற்கிறது என்பது முழு உண்மை இல்லை. ஒரே பொருளில் எக்ஸ்ரேயால் அடர்த்தியையும், லேசர் ஒளிச் சிதறலால் ஒலி வேகத்தையும் ஒன்றாக அளந்தால், வேறு அளவுகோலின் தயவில்லாமல் அழுத்தத்தைத் தொகையிட்டு எடுக்கலாம். 2000-இல் மெக்னீசியம் ஆக்சைடில் 55 கிகாபாஸ்கல் வரை இப்படிச் செய்துகாட்டிவிட்டார்கள். அந்த எல்லைக்குள் நம் கால் தரையில்தான் இருக்கிறது. 100-க்கு மேல் போகும்போது நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு.

கல்லுளிமங்கன் | வியாழன், காலை 6:40

ஐயா சொன்னால் சரி. 55 வரை நானும் வருகிறேன்.

ரீனியம்75 | வியாழன், காலை 8:15

இதில் கரிசல்மண்ணுக்கு ஒரு லாபம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நியான் பீக் தொல்லை அல்ல, இலவசமாகக் கிடைத்த அழுத்தமானி. ரூபி வேறு மூலையில் இருக்கும். நியானோ எக்ஸ்ரே விழும் அதே இடத்திலேயே, சாம்பிளைச் சுற்றியே இருக்கிறது. அதுவும் ரொம்ப நுணுக்கமானது. மெக்னீசியம் ஆக்சைடு போட்டிருந்தால் 25 கிகாபாஸ்கலுக்கு அதன் 200 பீக் 11.26-லிருந்து 11.73-க்குத்தான் போகும், அதாவது பீக் இடத்தில் 0.005 டிகிரி தவறினால் அழுத்தத்தில் கால் கிகாபாஸ்கல் தவறும். நியானில் 16-க்கும் 23-க்கும் நடுவிலேயே 0.32 டிகிரி ஓடுகிறது, அதே தவறுக்கு 0.1 சொச்சம்தான்.

இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ரூபி அழுத்தமும் நியான் அழுத்தமும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். பிரிந்தால் உள்ளே அழுத்தம் சீராக இல்லை, இல்லையென்றால் ரூபி வைரங்களுக்கு நடுவில் நசுங்கி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

நியானின் 111-ஐயும் 200-ஐயும் தனித்தனியாக வைத்து அழுத்தம் கணக்கிட்டால் ஒரே விடை வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் ஊடகமே இறுகி ஒரு திசையில் அதிகம் அழுத்துகிறது.

கரிசல்மண் | வியாழன், மாலை 7:30

போட்டேன். 16 வரை ரூபியும் நியானும் கோட்டுக்குள் கோடாக இருக்கின்றன. கடைசிப் புள்ளியில் மட்டும் ஒரு ரூபி 0.8 அதிகம் காட்டுகிறது, இன்னொரு ரூபி நியானோடு ஒத்துப்போகிறது. அப்போது எடுத்த மைக்ராஸ்கோப் படத்தைத் திறந்து பார்த்தேன், அந்த முதல் ரூபி துளையின் விளிம்புக்குப் போய் கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணா சொன்னதில் பாதி சரி, நசுக்கியது வைரம் இல்லை, உங்கள் பெயர்காரன்.

அந்த ரூபியை விட்டுவிட்டு நியான் அழுத்தத்தை வைத்து ஒலிவின் கன அளவைப் பொருத்தினேன். அழுத்தத்தையும் கன அளவையும் இணைக்கும் பிர்ச்-மர்னகான் சமன்பாட்டில் பருமக் குணகம் (பொருள் சுருங்க எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 128 கிகாபாஸ்கல் வந்தது, புத்தகத்தில் 129. முதல்முறையாக என் எண் ஒன்று புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எந்த அளவுகோல் என்று அட்டவணையின் தலையிலேயே போட்டுவிட்டேன், மங்கன் அண்ணா பயத்தில்.

அடுத்த பீம்டைமுக்கு லேசர் கேட்டு விண்ணப்பம் எழுதப்போகிறேன். அதில் எதைக் கவனிக்கவேண்டும்?

ரீனியம்75 | வியாழன், மாலை 8:05

ஒலிவின் வைரத்தைத் தொடவே கூடாது. வைரம் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பை மிஞ்சும், தொட்டால் நீங்கள் எவ்வளவு லேசர் விட்டாலும் சூடேறாது. சாம்பிளைத் தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கமும் நியான் அடுக்கு இருக்கிற மாதிரி வையுங்கள். சூடாக்கி நிறுத்திய பிறகு அழுத்தத்தை மறுபடி அளங்கள், சூட்டுக்கு முன் இருந்த எண் இருக்காது. சாம்பிளில் பிளாட்டினம் கலக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது வைரத்திலிருந்து கார்பனை எடுத்துக் கார்பைடாகி வேறு பீக் காட்டும், நீங்கள் மறுபடி இங்கே வந்து புது கட்டம் (புது படிக அமைப்பு) என்பீர்கள்.

கரிசல்மண் | வியாழன், இரவு 9:20

ஹா. குறித்துக்கொண்டேன். ஸ்லைடில் "6 கிகாபாஸ்கலில் புது கட்டம்?" என்ற தலைப்பை அழித்துவிட்டு "நியான் 111, 200" என்று போட்டாயிற்று. கைடிடமிருந்து இப்போதுதான் மெயில் வந்தது, ஒரே வரி: "ஊடகம் என்ன?"